அம்மா அப்பா இன்னும் நாலு மாதம் இருக்கட்டும்: கனடாவில் நீட்டிப்பதா, வெளியே போய்த் திரும்புவதா?

விசிட்டர் விசாவில் கனடா வந்த பெற்றோருக்கு ஐந்தாவது மாதம் நெருங்கும்போது பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பேத்தி இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள், மகளுக்குப் பிரசவ விடுப்பு முடியப்போகிறது, டேகேரில் இடம் கிடைக்கவில்லை. இன்னும் நாலு மாதம் இருந்துவிட்டுப் போகட்டுமே. அதற்கு என்ன வழி?

ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஒருவர் ‘இங்கிருந்தே எக்ஸ்டென்ஷன் போடு’ என்பார். இன்னொருவர் ‘நயாகராவில் பாலத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போய்விட்டு அன்றைக்கே திரும்பு, புதுசா ஆறு மாசம் கிடைச்சிடும்’ என்பார். மூன்றாமவர் ஊருக்கு அனுப்பி ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி அழைத்துக்கொள்ளச் சொல்வார். நாலாவது ஆள், பெற்றோர் நீண்ட நாள் தங்குவதற்கென்றே இருக்கும் சூப்பர் விசாவை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும் என்பார்.

நாலுமே சட்டப்படி உள்ள வழிகள்தான். ஆனால் நம் ஆட்கள் சுலபம் என்று நினைப்பது அந்தப் பால வழியை. அதைத்தான் நான் கடைசியில் வைப்பேன். வயதானவர்களை நிறுத்தி ஓர் அதிகாரியிடம் ‘மறுபடி உள்ளே விடுங்கள்’ என்று கேட்கவைக்கும் தருணங்களை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே முடிவு நம் கையில் இல்லை, பிள்ளைகள் பக்கத்தில் நின்று பேசவும் பல நேரம் முடியாது.

முதலில் பார்க்க வேண்டிய தேதி

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, கனடா வாசல்வரை வந்து உள்ளே வர அனுமதி கேட்பதற்கானது. அதில் 2032 என்று இருந்தால் அதுவரை இங்கே தங்கலாம் என்று பொருளில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்திலோ எல்லைச் சாவடியிலோ இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். அவர் தேதி எதுவும் போடாவிட்டால், நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம். முத்திரைக்குக் கீழே பேனாவால் ஒரு தேதி எழுதியிருந்தால் அந்தத் தேதிதான் கணக்கு. அது ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் இருக்கலாம். சில பாஸ்போர்ட்டுகளில் அந்தக் கையெழுத்து முத்திரையின் ஓரத்தில் மங்கலாகக் கிடக்கும். 1ஆ 7ஆ என்றே தெரியாது. வந்த வாரத்திலேயே நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோ பியர்சன் மாதிரி பெரிய விமான நிலையங்களில் இயந்திரத்தில் பதிந்துவிட்டு முத்திரையே விழாமல் வெளியே வருபவர்களும் உண்டு. அப்படி வந்தவர்கள் போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. என்றைக்கு வந்தோம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

பாஸ்போர்ட் அந்தக் கடைசித் தேதிக்கு முன்பே காலாவதி ஆகுமானால், தங்கும் அனுமதியும் அன்றோடு முடிந்துவிடும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. விசா ஒட்டுத்தாளின் தேதி இங்கே இருக்கும்போதே முடிந்துபோகலாம்; தங்கும் அனுமதி இருக்கும்வரை அதனால் குற்றமில்லை. ஆனால் ஊருக்குப் போனால் அந்த விசாவோடு திரும்ப முடியாது. முன்பு பத்து வருடப் பலமுறை விசா சர்வசாதாரணமாகக் கிடைத்தது. 2024 நவம்பரில் குடிவரவுத் துறை வழிகாட்டுதலை மாற்றி, எவ்வளவு காலத்துக்கு, எத்தனை முறைக்கு என்பதை அதிகாரியின் முடிவுக்கே விட்டுவிட்டது. ஆகவே பக்கத்து வீட்டு மாமிக்குப் பத்து வருடம் கிடைத்தது என்பதை வைத்து நம் வீட்டுக் கணக்கைப் போடக் கூடாது. ஒட்டுத்தாளில் ‘பலமுறை’ என்று இருக்கிறதா, என்றைக்கு முடிகிறது என்று பார்த்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம்.

இங்கிருந்தே நீட்டிப்பது

ஆன்லைனில் விண்ணப்பம், ஒருவருக்கு 100 கனடா டாலர். தங்கும் அனுமதி முடிய குறைந்தது 30 நாள் இருக்கும்போதே போட்டுவிடச் சொல்கிறது குடிவரவுத் துறை. கடைசி நாளுக்கு முன்னால் போட்டுவிட்டால், முடிவு வருவதற்குள் பழைய தேதி கடந்துபோனாலும், முடிவு வரும்வரை சட்டப்படி இங்கே இருக்கலாம். பதில் வர மாதக்கணக்கிலும் ஆகலாம் என்பதால் இந்த ஏற்பாடு பெரிய ஆறுதல். சம்மதம் கிடைத்தால் ‘விசிட்டர் ரெக்கார்டு’ என்று ஒரு தாள் வரும். அதில் புதிய கடைசித் தேதி இருக்கும்.

விண்ணப்பத்தில் உயிரே அந்த விளக்கக் கடிதம்தான். ஏன் இன்னும் இருக்க வேண்டும், எதுவரை, செலவு யாருடையது, காப்பீடு இருக்கிறதா, ஊரில் என்ன இருக்கிறது, எப்போது கிளம்புவார்கள் என்பதை ஒன்றரைப் பக்கத்தில் நேராக எழுதினால் போதும். ‘குடும்பத்தோடு நேரம் செலவிட’ என்று பொதுவாக எழுதுவதைவிட, மகள் எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புகிறாள், டேகேரில் எப்போது இடம் கிடைக்கும், பயணச்சீட்டு எந்தத் தேதிக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று எழுதுவது எவ்வளவோ மேல். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதை எழுதலாமா, அதை வேலை என்று சொல்லிவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம். வந்திருக்கும் தாய் தன் மகளுக்குச் சம்பளமில்லாமல் குழந்தை வளர்ப்பில் கைகொடுப்பதை, வேலையாகக் கருதப்படாதவற்றுக்கு உதாரணமாகவே குடிவரவுத் துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காசு வாங்கிப் பார்த்தால்தான் சிக்கல்.

இந்த வழியின் குறை, காத்திருக்கும் காலம். பதில் வராத மாதங்களில் கால் கட்டப்பட்ட மாதிரி இருக்கும். அந்த இடைக்காலத்தில் கனடாவை விட்டு வெளியே போனால், விண்ணப்பம் போட்டதால் கிடைத்திருந்த பாதுகாப்பு போய்விடும். திரும்பி வரும்போது புதிய பார்வையாளராகத்தான் அதிகாரி முன் நிற்க வேண்டும். விசிட்டர் ரெக்கார்டு கையில் இருந்தாலும் அது விசா அல்ல, அதைக் காட்டி மறுபடி நுழைய முடியாது. இது தெரியாமல் அந்தத் தாளை மட்டும் நம்பி ஊர்க் கல்யாணத்துக்குக் கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். நல்லவேளையாக, பல சமயம் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரிலேயே தடுத்துவிடுகிறார்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், பழைய தேதி ஏற்கெனவே கடந்திருந்தால், சட்டப்படி இங்கே தங்கும் அந்தஸ்து அன்றோடு போய்விடும். 90 நாளுக்குள் அதை மீட்கக் கேட்டு விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது, கட்டணமும் அதிகம். பெற்றோர் விஷயத்தில் நான் அந்த வழிக்கே போகமாட்டேன். நிராகரிப்பு வந்தால் சட்டென்று கிளம்பி, சுத்தமான பதிவோடு ஊர் போய்ச் சேர்வது அடுத்த வருகைக்கு நல்லது.

பாலத்தைத் தாண்டித் திரும்புவது

இந்த யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. வேலை அனுமதி, படிப்பு அனுமதி வைத்திருப்பவர்கள் பல வருடங்களாக எல்லைக்குப் போய், அமெரிக்கப் பக்கம் திரும்பி, கனடா சாவடியிலேயே புதிய அனுமதியை வாங்கி வந்தார்கள். டொராண்டோக்காரர்களுக்கு நயாகராவின் ரெயின்போ பாலம், ஃபோர்ட் ஈரியின் பீஸ் பாலம், வான்கூவர்க்காரர்களுக்குப் பீஸ் ஆர்ச். 2024 டிசம்பர் 23 இரவோடு, சில விதிவிலக்குகள் தவிர, அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. பார்வையாளர் வெளியே போய் வருவது அந்த உத்தரவில் வராது. ஆனாலும் வெறுமனே ஒரு சுற்று சுற்றி வருபவர்களை அதிகாரிகள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சட்டம் இதில் ஒரு சலுகையும் தருகிறது. தங்கும் அனுமதி இருக்கும்போதே அமெரிக்காவுக்கு மட்டும், அல்லது நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சுத் தீவுகளான செயின்ட் பியர், மிக்கலோனுக்கு மட்டும் போய், அந்த அனுமதி முடிவதற்குள் திரும்பினால் புதிய விசா தேவையில்லை. ஒருமுறை விசாவில் வந்தவரும், விசா ஒட்டுத்தாள் முடிந்துபோனவரும் இப்படித் திரும்பலாம். கியூபாவுக்கோ மெக்சிகோவுக்கோ போனால் இந்தச் சலுகை கிடையாது. குளிர்காலத்தில் மலிவு பேக்கேஜ் பார்த்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு கியூபா போக நினைப்பவர்கள், அம்மாவின் விசா ஒருமுறை விசாவா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

ஆனால் விசா தேவையில்லை என்பதால் உள்ளே விடுவது உறுதி என்றோ, புதிதாக ஆறு மாதம் உறுதி என்றோ ஆகிவிடாது. அதிகாரி ஆறு மாதம் தரலாம், ஒரு மாதம் எழுதித் தரலாம், பழைய தேதியே இருக்கட்டும் எனலாம். திருப்தியில்லை என்றால் உள்ளே விட மறுக்கலாம். கிளம்ப வேண்டிய நாளில் கிளம்பிவிடுவேன் என்று நம்பவைக்கும் பொறுப்பு பார்வையாளருடையது. சந்தேகம் வந்தால் காரை ஓரம் கட்டச் சொல்லி உள்ளே அனுப்புவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, சுவரில் அறிவிப்புகள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, எப்போது வந்தீர்கள், ஏன் இன்னும் போகவில்லை, அங்கே யார் இருக்கிறார்கள், இன்றைக்கு அமெரிக்காவில் எங்கே போனீர்கள் என்று கேட்பார்கள். ‘எங்கேயும் போகல, சும்மா தேதிக்காகத்தான்’ என்று அம்மா உண்மையைச் சொல்வார். சொல்லவும் வேண்டும். பொய் சொல்லி மாட்டினால் ஐந்து வருடம் கனடாவுக்குள் வர முடியாது. ஆங்கிலத்தில் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம். புரியாமல் தலையாட்டுவதைவிட அது நூறு மடங்கு நல்லது.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு இதைவிடப் பெரிய முள் ஒன்று இருக்கிறது. அமெரிக்க விசா இல்லாமல் அந்தப் பக்கம் போனால் உள்ளே விடமாட்டார்கள், அது அங்கே நுழைவு மறுப்பாகப் பதிவாகும். பின்னாளில் அமெரிக்க விசா விண்ணப்பத்தில் ‘எப்போதாவது நுழைவு மறுக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டும். கனடா விண்ணப்பத்திலும் வேறு எந்த நாட்டிலாவது மறுக்கப்பட்டதா என்று கேட்கிறார்கள். டெக்சாஸில் இருக்கும் இன்னொரு மகனைப் பார்க்கப் போக வேண்டிய அப்பாவுக்கு, அரை நாள் பாலப் பயணத்தால் இந்தக் கறை தேவையா?

நிஜமாகவே அமெரிக்கா போக வேண்டியிருந்தால் கதையே வேறு. அமெரிக்க விசா இருக்கிறது, நியூஜெர்சியில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்றால் தாராளமாகப் போகட்டும். திரும்பும்போது கேட்டால் சொல்வதற்கு ஒரு நேரான காரணம் இருக்கிறது. ஊர் திரும்பும் டிக்கெட், காப்பீட்டுத் தாள், மகனின் கடிதம் கையோடு இருக்கட்டும். ஆனால் அந்தப் பயணத்தை நம்பி நீட்டிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. திரும்பியதும் பாஸ்போர்ட்டில் எந்தத் தேதி விழுந்திருக்கிறது என்று பார்த்து, போதாவிட்டால் அதற்கேற்ப விண்ணப்பிக்க நாள் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இன்னொன்று. வெளியே போனது யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் பழைய காலத்தது. நிலவழிப் பயணங்களுக்கு 2019இலும் விமானப் பயணங்களுக்கு 2020இலும் வெளியேறும் விவரங்களைக் கனடா முறையாகப் பதிய ஆரம்பித்துவிட்டது. திரையில் எல்லாம் தெரியும்.

ஊருக்குப் போய் மறுபடி வருவது

செலவு அதிகம், அலுப்பும் அதிகம். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருவதென்றால் துபாயோ தோஹாவோ லண்டனோ நடுவில் ஒரு இறக்கம், மூட்டு வலிக்காரருக்குச் சக்கர நாற்காலி, ஒரு வாரத் தூக்கக் கேடு. அமெரிக்க விமான நிலையம் வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் ஏமாந்துவிடாதீர்கள். விமானம் மாறுவதற்குக்கூட அங்கே அமெரிக்க விசா வேண்டும்.

ஆனாலும் பலமுறை விசா செல்லுபடியாக இருந்தால் இது மரியாதையான வழி. பெற்றோருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். வீட்டு வரி கட்டலாம், பென்ஷனுக்கு வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கலாம், தன் டாக்டரிடமே சர்க்கரையைக் காட்டி மூன்று மாத மருந்து வாங்கிக்கொள்ளலாம், தெருவில் நாலு பேரோடு பேசலாம். நம் வசதிக்காக இன்னும் இருக்கச் சொல்கிறோமா, அவர்களுக்கும் இருக்க ஆசையா என்று கேட்காத வீடுகள் நிறைய. பிப்ரவரிப் பனியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இத்தனை மாதம் வெளியே இருந்தால்தான் திரும்ப வரலாம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதம் இங்கே, மூன்று வாரம் அங்கே, மறுபடி ஆறு மாதம் இங்கே என்றிருந்தால், இவர் பார்க்க வருகிறாரா, வாழவே வருகிறாரா என்று அதிகாரி கேட்பது நியாயம்தான். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பதே தவறு என்று நினைத்து அதை மறைக்கவும் வேண்டாம். அந்த எண்ணமும் இருக்கலாம், தற்காலிகமாக வந்து நாள் முடிந்ததும் போகவும் செய்யலாம் என்பதைக் கனடாச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. நாள் முடிந்தால் போய்விடுவார் என்ற நம்பிக்கைதான் முக்கியம்.

நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊரில் சாவு விழுந்துவிட்டால் என்ன செய்வது? போய்விடுங்கள். எந்த விண்ணப்பத்துக்காகவும் கூடப் பிறந்தவரின் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட வேண்டாம். பலமுறை விசா உயிரோடு இருந்தால் திரும்பி வந்து கேட்கலாம். விசா முடிந்திருந்தால் அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், சில மாதம் ஆகும், அவ்வளவுதான். கைரேகைப் பதிவு பத்து வருடம் செல்லும், அது முடியாதவரை மறுபடி கொடுக்க வேண்டியிருக்காது.

சூப்பர் விசா

2011 டிசம்பரில் வந்த திட்டம். கனடாக் குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் மட்டும். 2022 ஜூலை 4 முதல் ஒரு நுழைவுக்கு ஐந்து வருடம்வரை தங்கலாம். இங்கிருந்தே இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கவும் கேட்கலாம். பத்து வருடம்வரை பலமுறை வந்து போகலாம். மேலே சொன்ன தலைவலிகளில் முக்கால்வாசி இதில் இல்லை.

விலையும் அதற்கேற்ற மாதிரிதான். பிள்ளைக்குக் குடும்ப அளவுக்கேற்ற குறைந்தபட்ச வருமானம் இருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். குறைந்தது ஒரு வருடத்துக்கு, ஒரு லட்சம் டாலர் அளவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். 2025 ஜனவரி 28 முதல், கனடாவின் நிதி மேற்பார்வை அலுவலகம் அங்கீகரித்த வெளிநாட்டு நிறுவனங்களிடமும் அதை வாங்கலாம். வயது எழுபதைத் தாண்டி, இதய நோயும் இருந்தால் பிரீமியம் கண்ணைக் கட்டும். இதற்குக் கனடாவுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். விசிட்டர் விசாவில் இங்கே உட்கார்ந்துகொண்டு மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் ஊருக்குப் போகும் பயணம் வரும்போது அதோடு இதையும் முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஈழத்துச் சொந்தங்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் வர 7 டாலர் மின்னணு அனுமதி போதும், அது ஐந்து வருடம்வரை செல்லும். அவர்களுக்கும் ஆறு மாதக் கணக்கும் அதிகாரியின் முடிவும் அப்படியேதான்.

காப்பீட்டையும் மறந்துவிடக் கூடாது. ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு பார்வையாளருக்குக் கிடையாது. தங்கும் தேதியை நீட்டினால் பாலிசி முடிவதற்கு முன்பே அதையும் நீட்டுங்கள். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் புதிய பாலிசியில் காத்திருப்புக் காலம் வரலாம், பழைய நோய்க்கான நிபந்தனைகளும் முதலிலிருந்து தொடங்கலாம்.

என் தேர்வு இப்படி. நாலைந்து மாதம் மட்டும் கூடுதலாகத் தேவை, வெளியே போகும் வேலை எதுவும் இல்லை என்றால் இங்கிருந்தே நீட்டிப்பு. ஊரில் வேலை இருக்கிறது, விசா இன்னும் சில வருடம் செல்லும் என்றால் போய்விட்டு நிதானமாக வரட்டும். வருடா வருடம் நீண்ட நாள் இருக்கப்போகிறார்கள், பிள்ளையின் வருமானமும் இடம் கொடுக்கிறது என்றால் அடுத்த ஊர்ப் பயணத்திலேயே சூப்பர் விசா. பாலம், அமெரிக்காவில் உண்மையாகவே வேலை இருப்பவர்களுக்கு மட்டும். எந்த வழியானாலும் நாலாவது மாதம் முடிவதற்குள் முடிவெடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதி நெருங்கினால் அதற்கும் முன்னால், ஏனென்றால் தூதரகத்தில் புதுப்பித்து வாங்கவே சில வாரம் போய்விடும்.